180-600 லென்ஸ் வாடகைக்கு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது நிக்கான் இசட்50 கேமரா. இந்த சீசனில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போகும்போது 180-600 எம்எம் லென்ஸைப் போட்டுப் பார்க்க ஆசை. விலையைப் பார்த்தால் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாங்குவதுதான் சரி. திருநெல்வேலி, மதுரை பக்கம் யார் தருகிறார்கள்? முன்பணம் எவ்வளவு?

ஸ்டாண்டில் மாட்டும் வளையமான காலரோடு லென்ஸின் எடை 2 கிலோவைத் தாண்டுகிறது. கூட்டில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) போதும். வரித்தலை வாத்து கூட்டமாகப் பறக்கும்போது கையில்தானே பிடிக்கணும், தாங்குமா? 600-இல் அபர்ச்சர் (ஒளி புகும் திறப்பு) எஃப்6.3தான், விடியற்காலையில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எதுவரை ஏற்றுகிறீர்கள்? (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கேமரா பாடியில் கிடையாது, லென்ஸில் இருப்பதுதான்.)

இதே ஜோடியில் எடுத்த, கிராப் செய்யாத படம் இருந்தால் போடுங்கள். யூடியூப் ரிவ்யூ லிங்க் மட்டும் வேண்டாம், எல்லாம் பார்த்தாச்சு!