ஒரு நாள் நன்றாக வருகிறது, மறுநாள் கை விட்டுப்போகிறது

வணக்கம்ங்க. காங்கேயம் பக்கம் இருக்கிறேன், எட்டு மாதமாக வாட்டர்கலர் பழகுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டுத்தறியில் நின்ற மயிலைக்காளையை வரைந்தேன், அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு நிறம் கலந்தால் வருகிற சாம்பல் நிறம் அப்படியே அதன் திமிலில் உட்கார்ந்துகொண்டது, ராத்திரி தூங்கப் போகும்வரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது. மறுநாள் அதே காளை, அதே தடித்த 300 ஜிஎஸ்எம் தாள், நிறமெல்லாம் கலங்கி ஒரே சேறு. அழுகையே வந்துவிட்டது. அப்புறம் மூன்று நாளாகப் பிரஷ்ஷைத் தொட மனசு வரவில்லை. கன்றுக்குட்டி வேறு இப்போது செம்பழுப்பாக அவ்வளவு அழகாக இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் சாம்பலுக்கு மாறிவிடும், அதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது.

முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைப்பதால்தான் சேறாகிறதா? படம் கெட்டுப்போன நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள், அதையே மறுபடி வரைவீர்களா, இல்லை கொஞ்ச நாள் பென்சிலுக்குத் திரும்புவீர்களா? சரி, இன்னொன்று, தாராபுரம், திருப்பூர், ஈரோடு பக்கம் ஞாயிறு காலையில் சேர்ந்து உட்கார்ந்து வரைய யாராவது இருந்தால் சொல்லுங்க, தனியாகப் பழகுவதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.