உதவி: பயன்பாட்டுக்குள் ஓடும் பைத்தானின் வெளியீடு வரவில்லை

அரைப்புள்ளி:
என் சி++ பயன்பாட்டுக்குள் பைத்தானைப் பதித்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆனால் பிரிண்ட் செய்வது எதுவும் சாளரத்திலுள்ள உரைப்பெட்டிக்கு வரவில்லை. இன்றே முடிக்க வேண்டும், தயவுசெய்து உதவுங்கள்.

நிரல்எறும்பு:
எந்த இயங்குதளம்? எந்தப் பதிப்பு? ஸ்கிரிப்டை எந்த ஃபங்ஷன் மூலம் ஓட்டுகிறீர்கள்?

தாங்கி:
இது பஃபர் சிக்கல்தான், அதாவது வெளியீடு இடைச்சேமிப்பில் தேங்கி நிற்கிறது. அதை உடனே வெளியே தள்ள, பிரிண்டில் ஃபிளஷ்=ட்ரூ என்று கொடுத்துப் பாருங்கள்.

பழையசுட்டி:
ஆவணத்தைப் படிக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது போலும். பிரிண்ட், தான் அழைக்கப்படும் கணத்தில் சிஸ்.எஸ்டிடிஅவுட் (இயல்பு வெளியீடு) என்ற பெயரில் எந்தப் பொருள் இருக்கிறதோ அதன் ரைட் முறையை அழைக்கிறது, அவ்வளவே. கன்சோல் (கட்டளைச் சாளரம்) இல்லாத விண்டோஸ் பயன்பாட்டில் அங்கே பொதுவாக நன் என்ற வெற்று மதிப்பு இருப்பதால், பிரிண்ட் பிழை எதுவும் காட்டாமல் திரும்பிவிடும். ஃபிளஷ் செய்ய அங்கே என்ன இருக்கிறது? ரைட், ஃபிளஷ் ஆகிய இரண்டும் கொண்ட ஒரு பொருளை அந்த இடத்தில் வையுங்கள். அதை சி++ தொகுதியாக எழுதினால், பை_இனிஷியலைஸ் அழைப்பதற்கு முன்பே பைஇம்போர்ட்_அப்பெண்ட்இனிட்டேப் மூலம் பதிவு செய்ய வேண்டும்; முன்னது பைத்தானைத் தொடங்கும் ஃபங்ஷன், பின்னது உள்ளமைந்த தொகுதிகளின் பட்டியலில் சேர்ப்பது.

நிரல்எறும்பு:
அவ்வளவு பாடு எதற்கு? எழுதுவதை நினைவகத்தில் சேர்த்து வைக்கும் ஐஓ.ஸ்ட்ரிங்ஐஓ ஒன்றை வைத்து, முடிவில் மொத்த உரையையும் எடுக்க கெட்வேல்யூ அழைத்தால் போதுமே.

பழையசுட்டி:
நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட் முடியும்வரை பயனர் வெற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் போதும்.

தாங்கி:
டுப்2 என்ற ஃபங்ஷன் கொண்டு ஒன்றாம் எண் கோப்பு விவரிப்பானையே (இயங்குதளம் இயல்பு வெளியீட்டுக்குத் தரும் எண்) பைப்புக்கு, அதாவது ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் தடத்துக்குத் திருப்பினால் இந்தச் சர்ச்சையே வேண்டாம்; சி நூலகங்கள் பிரிண்ட்எஃப் மூலம் எழுதுவதும் சேர்ந்து வரும்.

நிரல்எறும்பு:
வரும்தான். ஆனால் பைப்பைத் தனி இழையில் (இணையாக ஓடும் செயலோட்டத்தில்) படிக்காவிட்டால், அது நிரம்பியதும் பயன்பாடு உறைந்துவிடும். லினக்ஸில் அதன் இயல்புக் கொள்ளளவு 65,536 பைட்டுகள்தான்.

அரைப்புள்ளி:
விண்டோஸ், பைத்தான் 3.11, பைரன்_சிம்பிள்ஸ்ட்ரிங். ரைட் உள்ள பொருளை வைத்ததும் பிரிண்ட் வருகிறது, ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்று வரி விழுகிறது. ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தால் பைரன்_சிம்பிள்ஸ்ட்ரிங்கிடமிருந்து -1 மட்டுமே கிடைக்கிறது.

பழையசுட்டி:
உரைக்கு ஒரு முறையும் வரிமுறிவுக்கு ஒரு முறையுமாக பிரிண்ட் இரண்டு முறை ரைட்டை அழைக்கிறது; நீங்கள் ஒவ்வோர் அழைப்பையும் புதிய வரியாகச் சேர்க்கிறீர்கள். வந்ததை வந்தபடியே ஒட்டுங்கள். அந்த ஃபங்ஷன் பிழை விவரத்தை சிஸ்.எஸ்டிடிஎர் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு)-இல் எழுதிவிட்டுத்தான் -1 தருகிறது. அதையும் மாற்றினீர்களா என்று கேட்கவும் வேண்டுமா?

அரைப்புள்ளி:
இரண்டும் சரியாயின. நன்றி.

தாங்கி:
ஸ்கிரிப்ட் வேறோர் இழையிலிருந்து எழுதினால் உரைப்பெட்டியை நேரடியாகத் தொடாதீர்கள். செய்தியை முதன்மை இழையின் வரிசைக்கு அனுப்புங்கள்.