புதுப்பிப்பு: நூன் சாகின் இழையில் ஒரு திருத்தமும் இக்ஃபாவும்

குர்ஆன் ஓதும் விதிகள் பற்றிய முந்தைய பதிவில், நூன் சாகினுக்குப் (உயிரொலி சேராத நூன், அதாவது "ன்") பின் யா, வாவ் எழுத்துகள் வந்தால் குன்னாவுடன் (மூக்கொலியுடன்) இத்காம் (அடுத்த எழுத்தோடு இணைத்து ஓதுவது) என்று பொதுவாக எழுதியிருந்தேன். அது பாதிதான். நூன் ஒரு சொல்லின் முடிவிலும், யாவோ வாவோ அடுத்த சொல்லின் தொடக்கத்திலும் இருந்தால்தான் இத்காம். ஒரே சொல்லுக்குள் வந்தால் நூனைத் தெளிவாகவே ஓத வேண்டும். குர்ஆனில் அப்படி நான்கு சொற்கள்: துன்யா, புன்யான், கின்வான், ஸின்வான். "துய்யா" என்று இணைத்துவிட்டால் சொல்லின் வேரே தெரியாமல் போய்விடும். ஹஃப்ஸ் ஓதலில் (பரவலாக ஓதப்படும் முறை) "யாஸீன் வல்குர்ஆன்", "நூன் வல்கலம்" இரண்டிலும் நிறுத்தாமல் சேர்த்து ஓதும்போதும் இழ்ஹார்தான், அதாவது நூனைத் தெளிவாக ஓதுவதுதான்.

அடுத்தது, பலர் கேட்ட இக்ஃபா, அதாவது சில எழுத்துகளுக்கு முன் நூனை மறைத்து ஓதுவது. "அன்தும்" ஓதும்போது நம் நாக்கு, "அந்த" என்று தமிழில் சொல்வதுபோல, பல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிழை அங்கேதான். நாக்கு "தா" எழுத்து பிறக்கும் இடத்துக்கு அருகில் நிற்கட்டும், தொட வேண்டாம். ஓசை இரண்டு ஹரகத் (ஒரு குறிலை ஓதும் நேரம் ஒரு ஹரகத்) அளவு மூக்கு வழியே வரட்டும். மூக்கைப் பிடித்துப் பாருங்கள்: ஓசை நின்றுவிட்டால் குன்னா சரி. அதற்காக "அ"வை "ஆ" என நீட்டிவிடாதீர்கள், இது மிக அதிகமாகக் காதில் விழும் தவறு. "மின் கப்லி"யில் காஃப் கனமான எழுத்து என்பதால் குன்னாவும் கனக்கும்.

மதீனா முஸ்ஹஃபில் (மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதி) நூனின் மேல் சுகூன் குறி (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) இருந்தால் இழ்ஹார். சிறிய மீம் எழுத்து இருந்தால் இக்லாப், அதாவது நூனை மீமாக மாற்றி ஓதுவது.