பொயிலர் சூடேறினால் அழுத்தம் 30 பிஎஸ்ஐ, றிலீஃப் வால்வு தண்ணி கக்குது. வால்வில பிழையோ?

ஈஸ்ற்யோர்க்_வீடு:
வணக்கம். ரொறன்ரோ ஈஸ்ற் யோர்க்கில இரண்டு மாடிப் பழைய வீடு, வார்ப்பிரும்பு றேடியேற்றர்கள். பேஸ்மென்டில, றேடியேற்றருக்குத் தண்ணி சூடாக்கிற, புகைபோக்கியோட இணைச்ச இயற்கை எரிவாயு பொயிலர். ஆறியிருக்கேக்க அழுத்தமானி 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காட்டும். 80 பாகை செல்சியசைத் தாண்ட முள் 30க்குப் போய், றிலீஃப் வால்வால தண்ணி நிலத்தில ஊத்துது. வால்வை மாத்தியும் அதே கதை. புது வால்வும் பழுதோ? வால்வில இருந்து தண்ணி வெளியேறுற குழாய் நுனியில மூடி போடலாமோ, இல்லாட்டி ஊர்த்தண்ணி வாற வால்வைப் பூட்டி விடலாமோ?

இன்னொண்டு: பொயிலருக்கு மேல, புகைக்குழாய் தொடங்குற இடத்தில சிவப்புப் பொத்தான் வைச்ச சின்ன சுவிட்ச் இருக்கு. இடைக்கிடை அது விழுந்து நெருப்பு நிண்டுடும். அமத்தினால் திரும்ப எரியும். இரண்டும் ஒரே பிரச்சினையோ?

தணல்:
மூடி போடவே கூடாது. 30 பிஎஸ்ஐயில திறக்கிறதுதான் அந்த வால்வின்ர வேலை, அது ஒழுங்கா வேலை செய்யுது. அந்த அழுத்தத்தில தண்ணி 134 பாகை வரைக்கும் கொதிக்காமல் நிற்கும். சூடு எல்லை தாண்டினால் நெருப்பை நிப்பாட்டுற ஹை லிமிற் சுவிட்ச் ஒட்டிப்போய் நெருப்பு நிற்காமல் எரிஞ்சால், அந்த வால்வு ஒண்டுதான் வெடிப்பைத் தடுக்கும். வெளியேற்றக் குழாய் நிலத்துக்குக் கிட்ட, கீழ்நோக்கி, வால்வோ மரையோ இல்லாமல் திறந்தபடி இருக்க வேணும்.

ஆறேக்க 12, சூட்டில 30 எண்டால் நான் முதல் பாக்கிறது எக்ஸ்பான்ஷன் தாங்கியை, அதாவது விரியிற தண்ணிக்கு இடம் குடுக்கிற தாங்கியை. தண்ணி 10 பாகையில இருந்து 82க்குப் போகேக்க கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும். அந்த விரிவை வாங்க ஒரு காத்து மெத்தை வேணும். அது இல்லாட்டி முள் நேரா மேல ஏறும். நல்ல தாங்கி எண்டால் 18, 20 அளவில நிண்டுடும். தாங்கி என்ன மாதிரி? குழாயில தொங்குற சின்ன உருளையோ, கூரைச் சட்டங்களுக்கு இடையில படுத்திருக்கிற பெரிய இரும்புத் தாங்கியோ?

ஈஸ்ற்யோர்க்_வீடு:
தொங்குற உருளை. லேபிளில மொடல் இலக்கம் 30 எண்டு போட்டிருக்கு, 4.4 கலன். அடியில சைக்கிள் ரியூப் மாதிரி வால்வு இருக்கு.

தணல்:
அந்த வால்வின்ர ஊசியை ஒருக்கா அமத்துங்கோ. காத்து வந்தால் உள்ள காத்தையும் தண்ணியையும் பிரிக்கிற றப்பர் தோல் நல்லம், காத்தழுத்தம் குறைஞ்சிருக்கலாம். தண்ணி வந்தால் அந்தத் தோல் கிழிஞ்சிட்டுது, தாங்கி மாத்த வேண்டியதுதான். ரயர் மானியை வைச்சு அளக்கிறதெண்டால் பொயிலர்ப் பக்க அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிப்போட்டு அளக்க வேணும். இல்லாட்டி மானி காட்டுறது தண்ணியின்ர அழுத்தம், காத்தின்ர இல்லை.

ஊர்த்தண்ணி வால்வைப் பூட்டுறது ஒரு சோதனைக்கு நல்லம், தீர்வாகாது. பொயிலரை நிப்பாட்டி, ஆறவிட்டு, பூட்டி, ஒரு இரவு விடுங்கோ. பூட்டமுதல் மெதுவா ஏறின முள் இப்ப அசையாட்டி, தானா நிரப்புற வால்வு உள்ளால கசியுது. பூட்டியும் ஏறினால், பொயிலர் சூடாக்கிற குளிக்கிற தண்ணித் தாங்கி இருந்தால், அதுக்குள்ள இருக்கிற சுருள் ஓட்டை.

ஈஸ்ற்யோர்க்_வீடு:
ஊசியை அமத்தினன், தண்ணிதான் வந்தது. இரவு பூட்டிப் பாத்தன், முள் 12இலேயே நிண்டது. அப்ப அதே 30 இலக்கத் தாங்கியை வாங்கிப் போடட்டோ?

குழாய்க்குறடு:
வாங்கமுதல் கணக்குப் பாருங்கோ. வார்ப்பிரும்பு றேடியேற்றரும் 2 அங்குலப் பழைய குழாயும் நிறையத் தண்ணி பிடிக்கும். 2 அங்குலக் குழாய் ஒரு அடிக்கு 0.65 லீற்றர். மொத்தம் 220 லீற்றர் எண்டு வையுங்கோ. அதில 3 சதவீதம் 6.6 லீற்றர். 30 இலக்கத் தாங்கியின்ர கொள்ளளவு 16.7 லீற்றர், 12இல இருந்து, வால்வு திறக்கிற 30க்குக் கொஞ்சம் கீழ 27 பிஎஸ்ஐக்குள்ள அது வாங்கக்கூடியது 36 சதவீதம், அதாவது 6 லீற்றர். காணாது. அடுத்த அளவு 60 இலக்கம், 28.8 லீற்றர், 10 லீற்றருக்கு மேல வாங்கும். அதைப் போடுங்கோ. பெரிசாப் போனால் கெடுதி இல்லை, ஆனால் பாரத்துக்குத் தனித் தாங்கு கொடுக்க வேணும்.

மாத்தமுதல் மின்சுவிட்சை நிப்பாட்டி, 40 பாகைக்குக் கீழ ஆறவிடுங்கோ. ஊர்த்தண்ணியைப் பூட்டி, அடிக்குழாயில ஹோஸ் போட்டு முள்ளைப் பூச்சியத்துக்கு இறக்குங்கோ. பழைய தாங்கி தண்ணி நிரம்பிப் பாரமா இருக்கும், ஆள் ஒருத்தர் கீழ பிடிக்க வேணும். மேல இருக்கிற பொருத்தியை இன்னொரு குறட்டால பிடிக்காட்டி குழாய் முறுகும். புதுத் தாங்கியைப் பூட்டமுதலே காத்தை அளந்து 12க்குச் சரி பண்ணுங்கோ, பெட்டியில எழுதியிருக்கிறதை நம்பாதேங்கோ.

12 எங்கயிருந்து வருது எண்டால்: மானியில இருந்து மேல்மாடி றேடியேற்றர்த் தலை 18 அடி எண்டால், 2.31ஆல பிரிக்க (2.31 அடி உயரத் தண்ணி ஒரு பிஎஸ்ஐ) 7.8. உச்சியிலயும் கொஞ்சம் அழுத்தம் இருக்க அதோட 4 கூட்டினால் கிட்டத்தட்ட 12. மூண்டாம் மாடியில றேடியேற்றர் இருந்தால் இந்த எண் மாறும், தாங்கியின்ர காத்தும் அதோட மாற வேணும். நிரப்பினாப் பிறகு கீழ்மாடியில தொடங்கி மேல்மாடி வரைக்கும் றேடியேற்றர்க் காத்தை எடுங்கோ.

புது றிலீஃப் வால்வு இதுக்குப் பிறகும் சொட்டினால், அடிக்கடி திறந்து, வால்வு மூடிப் பொருந்துற இடத்தில கசடு ஏறியிருக்கும். திரும்ப மாத்துறதுதான்.

நீலச்சுடர்:
சிவப்புப் பொத்தானைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அழுத்தத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. அது ஸ்பில் சுவிட்ச். புகை மேலே போகாமல் டிராஃப்ட் ஹூட் (புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் அறைக்காற்று நுழையும் திறந்த வாய்) வழியாக அறைக்குள் வழிந்தால், அந்தச் சூட்டில் விழும். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் எரிந்த வாயு பேஸ்மென்டுக்குள் வந்துகொண்டிருந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு பேர்னரை விட்டு முன்னால் வந்தால் விழுவது றோல்அவுட் சுவிட்ச். அது பேர்னர் பக்கத்தில் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் திரும்பிவந்து புகை உள்ளே நீராகப் படிந்து, துருவால் புகைவழி அடைபட்ட வார்ப்பிரும்புப் பொயிலர்களில் இரண்டும் விழும்.

நெருப்புக்குப் போகும் 24 வோல்ற் மின்சாரம் ஹை லிமிற், றோல்அவுட், ஸ்பில் சுவிட்சுகள், புகைத்தட்டு (புகைக்குழாயைத் திறந்து மூடும் தட்டு) ஆகியவற்றின் வழியாகத்தான் போகிறது. ஒன்று திறந்தாலும் எரிவாயு வால்வு மூடும். வயரால் குறுக்கிக் கட்டிவிட யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு சோதனை: சன்னல், கதவுகளை மூடுங்கள். சமையலறை உறிஞ்சி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். பொயிலரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, டிராஃப்ட் ஹூட் வாயில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் உறிஞ்சிகளை நிறுத்தி, பேஸ்மென்ட் சன்னலைத் திறந்து மறுபடி பாருங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். ஒன்ராரியோவில் படுக்கையறைகளுக்கு அருகில் அது சட்டப்படி இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் சோதனை வேண்டாம், எல்லோரும் வெளியே போய் 911.

ஈஸ்ற்யோர்க்_வீடு:
செய்து பாத்தன். சமையலறை உறிஞ்சி முழு வேகத்தில ஓடேக்க புகை என்ர முகத்துக்கு வந்தது. அதை நிப்பாட்டிச் சன்னலைத் திறந்தால் உள்ள போகுது. அலாரம் அடிக்கேல்லை. சன்னலெல்லாம் போன வருஷம் மாத்தினது.

நீலச்சுடர்:
காரணம் அதுவாகத்தான் இருக்கும். பழைய சன்னல் இடுக்குகளால் வந்த காற்று இப்போது இல்லை. நம் தாளிப்புக்குப் பூட்டுகிற பெரிய உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, புகைபோக்கி வழியே காற்று கீழிறங்குகிறது. அதே புகைபோக்கியில் சுடுதண்ணித் தாங்கியும் இணைந்திருந்தால் அதன் வாயிலும் ஊதுபத்தி பிடியுங்கள். அங்கே பல வேளை சுவிட்சே இருக்காது.

தாங்கியை நீங்களே மாற்றலாம், இதை முடியாது. ஜி2 எனும் எரிவாயுத் தொழில்நுட்பர் சான்றிதழ் உள்ள, ரிஎஸ்எஸ்ஏயில் (ஒன்ராரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவான நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடுங்கள். வெளிக்காற்று வரும் வழி போதுமா, புகைபோக்கியில் அடைப்பு உண்டா, பொயிலரின் புகைவழியில் துரு படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகையில் காபன் மொனொக்சைட் அளவை எழுதி வாங்குங்கள். அவர் வரும்வரை உறிஞ்சியைப் போடாதீர்கள். உறிஞ்சி ஓடாமலே பொத்தான் விழுந்தால் அதை அமத்தாமல் பொயிலரை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

குழாய்க்குறடு:
அவர் வரேக்க லோ வாட்டர் கட்ஆஃப், அதாவது தண்ணி குறைஞ்சால் நெருப்பை நிப்பாட்டுற சுவிட்ச், இருக்கோ எண்டும் கேளுங்கோ. இருந்தால், பொயிலர் எரியேக்க அதின்ர சோதனைப் பொத்தானை அமத்த நெருப்பு நிற்க வேணும். நிற்காட்டி அதையும் மாத்தச் சொல்லுங்கோ. தண்ணி வத்தி இரும்பு கொதிச்சுக்கிடந்தால் உடன குளிர்தண்ணி விடாதேங்கோ, வார்ப்பிரும்பு வெடிச்சுப்போகும்.