கூடுதல் நீதிபதி தீர்ப்புக்கு மதிப்புக் குறைவா?

கேள்வி: எங்கள் நில வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருக்கிறது. விசாரிப்பவர் கூடுதல் நீதிபதியாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. தீர்ப்பு செல்லுமா?

பதில் 1: தாராளமாகச் செல்லும். வழக்குகள் தேங்கினால், அரசியலமைப்பின் 224-வது பிரிவுப்படி அதிகபட்சம் 2 ஆண்டுக்குக் கூடுதல் நீதிபதிகளை நியமிப்பார்கள். நிரந்தர நீதிபதிக்கும் அவர்களுக்கும் அதிகாரத்தில் துளியும் வித்தியாசமில்லை.

பதில் 2: அவரும் நிரந்தர நீதிபதிகள் வரும் அதே பாதையில் வந்தவர்தான். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த மூத்தவர்கள் 2 பேரும் பெயரை அனுப்புவார்கள். அப்புறம் மாநில, மத்திய அரசுகளின் கருத்து, உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (மூத்த நீதிபதிகள் குழு), கடைசியில் ஜனாதிபதி கையெழுத்து. நிரந்தரமாக்க மறுபடியும் பரிந்துரை வேண்டும். ஒரு நீதிபதியை இப்படிக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்டவர்: சரி, அப்பாவிடம் இப்போதே வாசித்துக் காட்டுகிறேன். நன்றி.