புதுப்பிப்பு: மனை எல்லைக் கோடுகள் ஒரே பாலிலைனாகிவிட்டன

சர்வே வரைபடத்தில் எல்லைக் கோடுகள் ஆட்டோகேடில் (கணினி வரைபட மென்பொருள்) ஜாயின் ஆகி ஒரே பாலிலைனாக, அதாவது ஒரே தொடர்கோடாக, மாற மாட்டேன் என்கின்றன என்று கேட்டிருந்தேனே, தீர்ந்தது.

சிக்கல் இசட் மதிப்பில், அதாவது உயரத்தில். மேலிருந்து பார்த்தால் முனைகள் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. கோட்டின் விவரங்களைக் காட்டும் பிராப்பர்ட்டீஸில் பார்த்தால் ஒரு முனை 0, மறுமுனை 101.35! டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) அளந்த தரை மட்டங்கள் அப்படியே ஏறி வந்திருக்கின்றன. எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் உள்ள ஃபிளாட்டன் கட்டளையைக் கொடுத்து எல்லாவற்றையும் தரைக்கு இறக்கினேன். பிறகு பீஎடிட் (பாலிலைனைத் திருத்தும் கட்டளை), அதில் மல்டிபிள், ஜாயின். வரைபடம் மீட்டரில் என்பதால் ஃபஸ் டிஸ்டன்ஸ் (முனைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வரை இருந்தால் சேர்க்கலாம் என்ற அளவு) 0.005, அதாவது 5 மி.மீ. அதைத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள், மூலைக்கல்லே நகர்ந்துவிடும். பட்டாவில் உள்ள பரப்போடு ஒத்துப்பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

எக்ஸ்பிரஸ் டூல்ஸ் இல்லாதவர்கள் ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் இரண்டையும் பிராப்பர்ட்டீஸிலேயே 0 ஆக்கலாம். எல்லைக்குள் கோடு நிரப்பும் ஹேட்ச்சும் இப்போது சமர்த்தாக விழுகிறது.