"4 டிகிரி இருந்தால் போதும்" என்பவர்களுக்கு

இடுக்கி: மேலே பனிமலை என்பவர் முடி மாற்று அறுவையைப் பற்றி, "சலைன் (உப்புநீர்) 4 டிகிரியில் இருந்தால் கிராஃப்டை, அதாவது நடுவதற்காக எடுத்து வைத்த முடிவேரைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். அந்த அறுவையில் எட்டு மணி நேரம் நின்று பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். கிராஃப்டை முதலில் கொல்வது உலர்தல். நடுபவர் கையுறை விரல்மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டு பேச்சில் லயித்துவிட்டால், சில நிமிடங்களில் வேர்க்குமிழின் பளபளப்பு மங்கிவிடும். பிறகு உங்கள் 4 டிகிரி என்ன செய்யும்?

பனிமலை: முடி மாற்று மருத்துவர் லிம்மரின் ஆய்வைப் படித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த சலைனில் 2 மணி நேரம் இருந்தவற்றில் 95 சதவீதம் பிழைத்தன. 24 மணி நேரத்திலும் 79. குளிர் இல்லாமலா?

இடுக்கி: 48 மணி நேரத்தில் 54 என்று அதே ஆய்வு சொல்வதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவை சலைனில் மூழ்கிக் கிடந்தவை ஐயா, விரல்மேல் காய்ந்தவை அல்ல.

சீப்பு: அறுவை சீக்கிரம் முடிந்தால் அறை வெப்பநிலையே போதும் என்கிறார்களே?

பனிமலை: சீப்பு, நீங்கள் சும்மா இருங்கள். 4 டிகிரியில் செல்லின் ஆக்சிஜன் தேவை குறைகிறது. இது பாடப்புத்தகம்.

இடுக்கி: அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். அதே குளிரில் செல்லின் உப்புச் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு ஓய்ந்து செல் வீங்குகிறது. சாதாரண சலைன் அதைத் தடுக்காது. அதற்காகத்தான் நீண்ட அறுவைகளில் ஹைப்போதெர்மோசால் என்ற குளிர்சேமிப்புக் கரைசலை வைத்து, சிலர் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியும் சேர்க்கிறார்கள். 4 டிகிரி, 4 டிகிரி என்று ஜபித்தால் முடி முளைக்காது.

பனிமலை: மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தைப் பற்றிய விவாதத்தில் மூக்குடைபட்ட ஆத்திரம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

இடுக்கி: அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எஃப்யூஇ முறையில் ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் கிராஃப்டில் சுற்றுக் கொழுப்பு குறைவு, இன்னும் வேகமாகக் காயும். அதையாவது மறுப்பீர்களா?

துளை: எஃப்யூஇயை ஏன் இழுக்கிறீர்கள்? தோலைப் பட்டையாக வெட்டி முடி எடுத்துத் தழும்பு போடுபவர்களின் பொறாமை!

இடுக்கி: தழும்பைப் பற்றி யார் பேசினார்கள்? நான் கேட்டது ஈரத்தைப் பற்றி.

பனிமலை: நானும் 4 டிகிரியைப் பற்றித்தான் கேட்கிறேன். இதுவரை பதில் இல்லை.

இடுக்கி: மேலே போய் மறுபடி படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு.